விதைப்பும் செய்தியும்: வட்டவடையிலிருந்து அமைப்புகளைப் படித்தல்

கேரளத்தின் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகப் போகும் சாலை பாம்பாடும் சோலையைத் தாண்டி வட்டவடையில் இறங்கும்போது மலையின் தோற்றமே மாறிவிடுகிறது. அதுவரை இருபுறமும் ஒரே மட்டத்தில் கத்தரித்த தேயிலை. அதற்கப்பால் சரிவைப் படிப்படியாக வெட்டிய தட்டுகளில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு. பயிரோடு சேர்ந்து முடிவெடுக்கும் முறையும் இங்கே மாறுகிறது. தேயிலைத் தோட்டத்தில் எந்தப் பகுதியில் என்றைக்குக் கொழுந்து எடுப்பது என்பதை அலுவலகம் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் மேலாளரிடமிருந்து மேற்பார்வையாளர் வழியாகத் தொழிலாளியிடம் இறங்குகிறது. வட்டவடை, கோவிலூர், பழத்தோட்டம், சிலந்தியாறு, கொட்டாக்கம்பூர் பகுதிகளிலோ என்ன விதைப்பது, எப்போது விதைப்பது, யாரிடம் விற்பது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனியே தீர்மானிக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. பறித்த கொழுந்து கெடுவதற்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். ஆலையும் கொழுந்து இல்லாமல் வெறுமனே நிற்கக் கூடாது. இரண்டும் இவ்வளவு நெருங்கிப் பிணைந்திருக்கும் இடத்தில் தினமும் பேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. பேரம் பேசி முடிக்க ஆகும் செலவு உத்தரவிட்டு முடிக்க ஆகும் செலவை மிஞ்சும்போது நிறுவனம் பிறக்கிறது என்று பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1937இல் எழுதியது இதைத்தான். காய்கறிக்கு அப்படிப்பட்ட பிணைப்பு இல்லை என்று தோன்றும். ஆனால் ஓணத்தை நோக்கிப் பல குடும்பங்கள் ஒரே சமயத்தில் கேரட் விதைத்தால் அறுவடையும் ஒரே சமயத்தில் வரும். லாரிக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு வரும், விலை இறங்கும். ஒரு வீட்டின் விதைப்பு அடுத்த வீட்டின் வருமானத்தைத் தொடுகிறது. பிணைப்பு இங்கேயும் இருக்கிறது. அதைக் கண்டு சொல்ல ஓர் அலுவலகம் இல்லை, அவ்வளவுதான்.

மனிதர்கள் சேர்ந்து செய்யும் காரியம் ஏன் சில இடங்களில் ஒழுங்காக நடக்கிறது, ஏன் சில இடங்களில் சிதறுகிறது? முக்கால் நூற்றாண்டாகச் சமூக அறிவியலாளர்கள் இதற்கு ஒரு குறிப்பிட்ட வழியில் விடை தேடிவருகிறார்கள். யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதை வரைந்து, அந்த வரைபடத்தைச் சோதனையிலும் பின்னாளில் கணினியிலும் ஓடவிட்டு, விளைவைப் பார்க்கிறார்கள். இந்த ஆய்வுகள் வட்டவடை உழவருக்குச் சொல்வது ஒன்றுண்டு: விலைச் செய்தியை வேகமாகக் கொண்டுவருவது மட்டும் போதாது, விதைப்புச் செய்தி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போக வழி வேண்டும். அந்த வழியைத்தான் அமைப்பு என்கிறோம்.

நடுவில் இருப்பவர்

நிறுவனத்தைக் கட்டடமாகவோ பதவிப் பட்டியலாகவோ பார்க்கும் பழக்கத்தை மாற்றியவர் ஹெர்பர்ட் சைமன். 1947இல் வெளிவந்த 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் பிஹேவியர்' நூலில் அவர் நிறுவனத்தை முடிவுகளின் தொடராகப் பார்த்தார். எந்த மனிதருக்கும் எல்லாம் தெரியாது. தெரிந்த அளவில் நிறைவு தரும் ஒரு வழியைத் தேர்கிறார். அவருக்கு எது தெரியவருகிறது, யார் மூலம் தெரியவருகிறது என்பதை அமைப்புதான் நிர்ணயிக்கிறது. 1978இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்தச் சிந்தனைக்காகவே.

இதைச் சோதனையில் காட்டியவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த அலெக்ஸ் பாவெலாஸும் ஹெரால்டு லீவிட்டும். 1951இல் வெளியான லீவிட்டின் ஆய்வில், ஐந்து பேரைத் தடுப்புகளுக்கு இடையே உட்கார வைத்து ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். ஐந்து அட்டைகளிலும் பொதுவாக இருக்கும் குறியைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுதிய துண்டுச் சீட்டு வழியாக மட்டுமே பேசலாம். யார் யாருக்குச் சீட்டு அனுப்பலாம் என்பது குழுவுக்குக் குழு வேறு. ஒரு குழு வட்டமாக இணைந்திருந்தது: ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கத்துக்காரர்கள் மட்டும். இன்னொரு குழு சக்கரம்போல: நால்வரும் நடுவில் இருப்பவரோடு மட்டும் பேச முடியும். சக்கரக் குழு வேகமாக விடை கண்டது, தவறும் குறைவு. ஆனால் நடுவில் இருந்தவருக்கு மட்டுமே வேலை பிடித்திருந்தது. ஓரத்தில் இருந்தவர்கள் சலித்துப்போனார்கள். வட்டக் குழு அதிகச் சீட்டு அனுப்பியது, தவறும் செய்தது, இருந்தும் அதிலிருந்தவர்கள் மனநிறைவோடு எழுந்தார்கள். கணக்கு சிக்கலாகும்போது நிலைமை தலைகீழாகிறது என்பதைப் பின்னர் மார்வின் ஷாவின் சோதனைகள் காட்டின. நடுவில் இருப்பவரிடம் செய்தி குவிந்து அவர் திணறுகிறார். பரவலாகப் பேசும் குழு முந்துகிறது.

வட்டவடையின் காய்கறி வணிகத்தில் நடு இடம் வியாபாரியுடையது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் அவர் தருகிறார், விளைந்ததை அவரிடமே போட வேண்டும். மதுரையிலும் எர்ணாகுளத்திலும் என்ன விலை, எந்த மண்டிக்கு எவ்வளவு சரக்கு வந்திறங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தத் தட்டில் எது எப்போது அறுப்புக்கு வரும் என்பதும் அவருக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். உழவர் ஒவ்வொருவரும் அவரோடு பேசுகிறார். உழவர்களுக்குள் விதைப்பைப் பற்றிய பேச்சு ஒழுங்கான வடிவம் பெறுவதில்லை.

இதை ஒரு தனிமனிதரின் குணக்கேடாகப் பார்த்தால் விஷயம் புரியாது. நடு இடத்தில் யாரை வைத்தாலும் அந்த இடம் அவருக்குச் செய்தியையும் பலத்தையும் தரும். வியாபாரிக்குப் பதிலாக ஓர் அரசு நிறுவனத்தையோ கூட்டுறவு அலுவலகத்தையோ அதே இடத்தில் வைத்தால் விலை நியாயமாகலாம். ஆனால் பணம் தாமதமானால் உழவர் பழைய இடத்துக்கே திரும்புவார். உடனடிக் கடன், உடனடிக் கொள்முதல் என்ற இரண்டு வேலைகளையும் ஒரே கையில் வைத்திருப்பதுதான் வியாபாரியின் வலிமை. லாரி பிடிப்பது, மண்டிக்கு அனுப்புவது போன்ற எளிய கணக்குகளுக்குச் சக்கரம் பொருந்தும். நூற்றுக்கணக்கான தட்டுகளில் எதை எப்போது விதைப்பது என்பது சிக்கலான கணக்கு. அதற்கு வட்டம் வேண்டும்.

கடற்கரையில் கிடைத்த விடை

கைபேசி வந்தபின் இந்த நடு இடம் தேவையில்லாமல் போகும் என்ற நம்பிக்கைக்குக் கேரளத்திலிருந்தே வலுவான ஆதாரம் கிடைத்தது. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் மீன்பிடித் துறைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 1997 ஜனவரியில் ஒரு காலை, வடகரையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டினார்கள். அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த துறைகளில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். 1997 முதல் 2001 வரை அந்தக் கடற்கரையில் படிப்படியாகக் கைபேசிச் சேவை வந்தது. கடலிலிருந்தே துறைகளுக்குப் பேசி விலை கேட்டுக் கரையேறினார்கள். துறைக்குத் துறை 60–70 சதவீதம் அளவில் இருந்த விலை வேறுபாடு 15 சதவீதத்துக்குக் கீழே போனது. அதுவரை நாள்தோறும் பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீணாகிக்கொண்டிருந்தது. அது ஏறக்குறைய நின்றுவிட்டது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது. நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது.

இந்த முடிவு எல்லாக் கடற்கரைக்கும் பொருந்தாது என்பதை ஜானகி சீனிவாசனும் ஜென்னா பர்ரெலும் கேரள மீனவர்களிடையே செய்து 2013இல் வெளியிட்ட களஆய்வு எடுத்துக்காட்டியது. கையில் தொலைபேசி இருந்தாலும், கடன் கொடுத்தவரிடம் மீனைப் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் வேறு துறையின் விலை தெரிந்து என்ன பயன்? வட்டவடையின் முன்பணத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

கடனை நீக்கிவிட்டாலும் கேரட்டும் மீனும் ஒன்றாகிவிடாது. மீனவர் துறையைத் தேர்வது மீன் படகில் ஏறியபின். கையில் இருக்கும் சரக்கை எங்கே விற்பது என்பதுதான் அவர் முன் இருக்கும் கேள்வி. அதற்குச் சில மணி நேரத்தில் விடை தெரியும். கேரட்டுக்கு முடிவெடுக்கும் நாள் விதைக்கும் நாள். விற்கும் நாள் மூன்று மாதத்துக்குப் பின்னால் வருகிறது. அன்றைய விலை இன்று எங்கும் இல்லை. இன்று மற்றவர்கள் என்ன விதைக்கிறார்கள் என்பதில் அது உருவாகிக்கொண்டிருக்கிறது.

நூறு குடும்பம், ஒரு கணக்கு

இதைப் புரிந்துகொள்ளத் தாளிலேயே ஒரு கணினி மாதிரி செய்து பார்க்கலாம். நூறு குடும்பம் உள்ள கற்பனை ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் கேரட் அல்லது பீன்ஸ் விதைக்கும். கேரட் விதைக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையில் பாதியை 60இலிருந்து கழித்தால் கிலோ விலை வரும் என்று வைத்துக்கொள்வோம். 60 குடும்பம் விதைத்தால் விலை 30 ரூபாய். அது எல்லாருக்கும் கட்டுப்படியாகும் விலை.

ஒரு பட்டத்தில் 40 குடும்பம் மட்டும் விதைக்கிறது. விலை 40 ரூபாய். இந்தச் செய்தி ஊர் முழுக்க எட்டுகிறது. அடுத்த பட்டத்தில் 80 குடும்பம் கேரட்டுக்கு மாறுகிறது. விலை 20க்கு விழுகிறது. அடி வாங்கியவர்கள் விலக, அதற்கடுத்த பட்டத்தில் 20 குடும்பமே மிஞ்சுகிறது. விலை 50க்கு ஏறுகிறது. அதைப் பார்த்து ஊர் மறுபடியும் கேரட்டுக்குப் பாய்கிறது. இங்கே யாரும் முட்டாளில்லை. கிடைத்த செய்தியை வைத்து ஒவ்வொருவரும் அறிவோடுதான் நடக்கிறார்கள். அப்படியிருந்தும் ஊர் முழுவதும் நட்டத்துக்கும் தட்டுப்பாட்டுக்கும் இடையே ஆடுகிறது. 1938இல் மொர்தெக்காய் எசிகியல் விவரித்த சிலந்திவலைச் சுழல் இது. விலைச் செய்தியை இன்னும் வேகமாக, இன்னும் அதிகம் பேருக்குச் சேர்த்தால் ஆட்டம் குறையாது. எல்லாரும் ஒரே திசையில் பாய்வதால் கூடவும் செய்யலாம்.

பொருளியலாளர் பிரையன் ஆர்தர் 1994இல் இந்தச் சிக்கலைக் கணினியில் ஓடவிட்டார். அமெரிக்காவின் சான்டா ஃபே நகரில் எல் ஃபரோல் என்ற மதுக்கூடம் உண்டு. நூறு பேர் அங்கே போக விரும்புகிறார்கள். 60க்கு மேல் கூடினால் யாருக்கும் இன்பமில்லை. எல்லாரும் ஒரே மாதிரி ஊகித்தால் ஊகம் கட்டாயம் பொய்க்கும்: கூட்டமிருக்காது என்று எல்லாரும் நினைத்தால் கூட்டம் கூடிவிடும். ஆர்தர் தம் கணினி மனிதர்களுக்கு வெவ்வேறு ஊக விதிகளைக் கொடுத்துப் பார்த்தார். வருவோர் எண்ணிக்கை சராசரியில் 60ஐச் சுற்றி நின்றது, ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கியபடியே இருந்தது. மதுக்கூடத்தில் அந்த ஏற்ற இறக்கத்தால் ஒரு மாலைப் பொழுது கெடும், அவ்வளவுதான். கேரட்டில் ஏற்ற இறக்கம் என்றால் அறுப்புக் கூலிக்குக்கூட விலை இல்லாமல் தட்டிலேயே விடப்பட்ட பயிர், அடைபடாத கடன், அடகு போன நகை.

சராசரி சரியாக இருப்பது உழவருக்குப் போதாது. நம் கற்பனை ஊரில் பத்துப் பத்துக் குடும்பமாகப் பத்து அயல்கூட்டங்கள், அதாவது அக்கம்பக்கத்து வீடுகளின் குழுக்கள், இருந்து, ஒவ்வொன்றும் விதைப்புக்கு முன்பே தமக்குள் பேசி ஆறு வீடு கேரட், நான்கு வீடு பீன்ஸ் என்று பங்கிட்டுக்கொண்டால், யாரும் உத்தரவிடாமலேயே ஊருக்கு அறுபது கிடைத்துவிடும்.

பாலித் தீவின் நீர்க்கோயில்கள்

இப்படிப் பேசித் தீர்மானிப்பது பெரிய அளவில், நூற்றாண்டுகளாக நடக்க முடியும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று இந்தோனேசியாவின் பாலித் தீவு. அங்கே ஒரே வாய்க்காலில் பாயும் நெல்வயல்களின் உழவர்கள் சேர்ந்த சங்கத்துக்கு சுபக் என்று பெயர். சுபக்குகள் நீர்க்கோயில்களில் கூடி எந்தச் சுபக் எப்போது நடவு செய்வது என்று முறை வைத்துக்கொண்டன. 1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது, இந்த முறையைச் சடங்கு என்று ஒதுக்கிவிட்டு, முடிந்தபோதெல்லாம் நடவு செய்யச் சொன்னார்கள் அதிகாரிகள். சில ஆண்டுகளில் தண்ணீர்ச் சண்டையும் பூச்சித் தாக்குதலும் பெருகின.

மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமர் இருவரும் ஊஸ், பெத்தானு ஆறுகளுக்கு இடையிலான 172 சுபக்குகளைக் கணினியில் வைத்து 1993இல் ஆய்வை வெளியிட்டார்கள். ஒவ்வொரு சுபக்கும் தனித்தனியே நடவு செய்தால், ஒரு வயலில் அறுத்ததும் பூச்சி பக்கத்து வயலுக்குப் போகிறது. பூச்சிக்கு ஓய்வே இல்லை. எல்லாச் சுபக்கும் ஒரே நாளில் நட்டால் பூச்சி பட்டினியில் அழியும், ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் போதாது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது: சில சுபக்குகள் சேர்ந்து ஒன்றாக நட்டு, அடுத்த தொகுதி சில வாரம் தள்ளி நடுவது. அந்த அளவில்தான் விளைச்சல் உச்சத்தைத் தொட்டது. நீர்க்கோயில்கள் முறை வைத்திருந்ததும் அதே அளவில்தான். இன்னொரு முறை, ஒவ்வொரு சுபக்கும் தற்செயலான ஒரு பயிர்முறையில் தொடங்கி, ஆண்டுதோறும் அக்கம்பக்கத்தில் நன்றாக விளைந்தவரைப் பின்பற்றட்டும் என்று மட்டும் விதி வைத்து ஓடவிட்டார்கள். சில சுற்றுகளிலேயே நீர்க்கோயில் வலைப்பின்னலை ஒத்த அமைப்பு தானாக உருவானது. மேலிருந்து யாரும் வரையாத ஒழுங்கு, பக்கத்து வயலைப் பார்த்து நடப்பதிலிருந்தே பிறந்தது. 2012இல் யுனெஸ்கோ சுபக் அமைப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் கண்மாய்ப் பாசனத்தில் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிகள் முறை வைத்து மடை திறந்ததும் இதே வகை அறிவுதான். வட்டவடைக்குப் பாலி தரும் பாடம் அதன் விதியை அப்படியே எடுப்பதல்ல. அங்கே பூச்சிக்காகப் பக்கத்து வயல்கள் சேர்ந்து நட வேண்டும். இங்கே விலைக்காகப் பக்கத்து வீடுகள் தள்ளித் தள்ளி விதைக்க வேண்டும். இரண்டிலும் பொதுவானது, எந்த அளவுக் குழு பேசி முடிவெடுத்தால் காரியம் நடக்கும் என்ற கேள்வி.

கேரட்டின் எல்லை, பூண்டின் எல்லை

அந்தக் கேள்வியை வட்டவடைப் பயிர்களிடம் கேட்டால் பயிருக்குப் பயிர் வேறு விடை வருகிறது. கேரட் விலை வட்டவடையில் முடிவாவதில்லை. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் கேரட் அதே சந்தைகளில் இறங்குகிறது. வட்டவடை முழுவதும் அளந்து விதைத்தாலும் வெளியிலிருந்து வரும் சரக்கு விலையை இறக்கிவிடும். உள்ளூர் ஏற்பாடு அறுவடையைப் பரப்பும், லாரி வாடகையைக் குறைக்கும், பேரத்தில் கை ஓங்கச் செய்யும். விலைச் சரிவிலிருந்து முழுதாகக் காக்காது. கேரட்டைப் பொறுத்தவரை செய்தி மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். இந்த மாநிலங்களின் தோட்டக்கலைத் துறைகள் மலைக் காய்கறிகளின் விதைப்புப் பரப்பைப் பட்டம்தோறும் ஒன்றாக வெளியிட்டால் அதுவே பெரிய உதவி. விலை கீழே விழாமல் தாங்க ஓர் அடித்தளமும் வேண்டும். 2020 நவம்பர் முதல் நடைமுறைக்கு வரும்படி கேரள அரசு 16 வகை விளைபொருள்களுக்கு உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து அடிப்படை விலை அறிவித்தது இந்த வகையில் முக்கியமான அடி.

பூண்டு வேறு கதை. வட்டவடையிலும் காந்தளூரிலும் விளையும் மலைப்பூண்டு காரத்துக்கும் மணத்துக்கும் பெயர் பெற்றது. 2022 டிசம்பரில் இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்து அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியகுளம் அருகே வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு இங்கிருந்து பூண்டு போகிறது. கேரட்டைப் போல் உடனே விற்றாக வேண்டியதில்லை. உலர்த்திக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும், விதைக்கும் ஆகும். வேறெங்கு விளையும் பூண்டையும் இந்தப் பெயரில் விற்க முடியாது. அதாவது, ஊரின் எல்லையும் சந்தையின் எல்லையும் ஓரளவு நெருங்கி வரும் பயிர் இது. எவ்வளவு விதைப்பது, எவ்வளவு இருப்பு வைப்பது, எந்த வாரம் எவ்வளவு சந்தைக்கு விடுவது என்று உள்ளூரில் பேசி எடுக்கும் முடிவு விலையைத் தொட முடியும். கூட்டு ஏற்பாட்டைத் தொடங்க வேண்டுமென்றால் பூண்டில் தொடங்க வேண்டும்.

சேர்வது எப்படித் தொடங்குகிறது

எல்லாரும் சேர்ந்தால் எல்லாருக்கும் நல்லது என்பது தெரிந்தாலும் முதலில் சேர்வதற்கு ஆள் கிடைப்பதில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1978இல் இதற்கு எளிய மாதிரி ஒன்று தந்தார். நூறு பேரில் ஒருவர் யாரும் வராவிட்டாலும் இறங்குவார். இன்னொருவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார். மூன்றாமவருக்கு இரண்டு பேர் வேண்டும். இப்படியே 99 வரை. இந்தக் கூட்டத்தில் நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இரண்டாமவர் மட்டும், இரண்டு பேர் இறங்கினால்தான் வருவேன் என்று மனம் மாற்றிக்கொண்டால் முதல் ஆள் தனியாக நிற்பார். மற்ற 99 பேரும் வீட்டிலேயே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் ஒரு கூட்டத்தைப் போராளிகள் என்றும் மற்றதைக் கோழைகள் என்றும் சொல்வார். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு மனம்.

2015 செப்டம்பரில் மூணாறு கண்டது இத்தகைய எழுச்சி. போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததை எதிர்த்து, பெரும்பாலும் தமிழ் பேசும் பெண் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் நகரில் அமர்ந்தார்கள். நிறுவப்பட்ட தொழிற்சங்கத் தலைவர்களைத் தங்கள் பக்கம் சேர்க்காமல் தாங்களே பேசினார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தின் முடிவில் 8.33 சதவீதம் போனஸும் 11.67 சதவீதம் கூடுதல் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. வரிசை வீடுகளான லயங்களில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்து, ஒரே மலையில் வரிசையாக நின்று கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அடுத்தவர் மனம் எங்கே நிற்கிறது என்பது தெரியும். தன்னோடு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தவருக்கு இறங்கத் துணிவு வருகிறது. சங்க அலுவலகம் இல்லாமலேயே அவர்களிடம் ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது.

தட்டு தட்டாகச் சிதறி வேலை செய்யும் உழவருக்கு அந்த நெருக்கம் இல்லை. அதை உண்டாக்க வேண்டும். யாரிடம் தொடங்குவது? அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்லோ, மாத்யூ ஜாக்சன் நால்வரும் கர்நாடகத்தில் சிறுகடன் திட்டம் நுழைந்த 43 கிராமங்களின் உறவு வலைகளை வரைந்து 2013இல் வெளியிட்டார்கள். முதலில் செய்தி சொல்லப்பட்டவர்கள் அந்த வலையில் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தே திட்டம் பரவியது. தாம் கடன் வாங்காதவர்களும் செய்தியைக் கடத்தினார்கள். பரவியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள் வழியே நடந்தது. இந்த ஆய்வாளர்களின் பிந்தைய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. செய்தி பரப்ப யார் சரியான ஆள் என்று ஊராரையே கேட்டால் அவர்கள் சரியாகச் சொல்கிறார்கள். வரைபடம் இல்லாமலேயே மக்களுக்குத் தங்கள் வலை தெரியும்.

அப்படி ஒரு வலை ஏற்கெனவே இருக்கிறது. 1998இல் தொடங்கிய பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீ, வீடுகள் சேர்ந்த அயல்கூட்டம், வார்டு அளவில் ஒன்று, ஊராட்சி அளவில் ஒன்று என மூன்று அடுக்கில் கேரளம் முழுக்க நிற்கிறது. கடனும் சேமிப்பும் போகும் அந்தப் பாதையில் விதைப்புச் செய்தியும் போகலாம். விதைப்புக்கு முன் ஒரு கூட்டம். எந்த வீடு எதை எத்தனை சென்டில் விதைக்க நினைக்கிறது என்று ஒரு பேரேடு. வார்டுக் கணக்கைக் கூட்டி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவது. இதற்குச் செயலி வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். கணக்கைப் பார்த்தபின் மனம் மாற்றிக்கொள்ள ஒரு வாரம் கொடுத்தால் போதும்.

வேகத்துக்கும் மாதிரிக்கும் அளவு

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தவறு. நிறுவன ஆய்வாளர் ஜேம்ஸ் மார்ச் 1991இல் செய்த கணினி ஆய்வில், நிறுவனத்தின் நடைமுறையைப் புதியவர்கள் மெதுவாகக் கற்றுக்கொண்டபோதே நிறுவனம் நீண்டகாலத்தில் அதிகம் அறிந்தது. வேகமாகக் கற்றவர்கள் தாம் கொண்டுவந்த மாற்று அறிவை இழந்துவிட்டார்கள். டேவிட் லேசரும் ஆலன் ஃப்ரீட்மனும் 2007இல் கண்டதும் அதுவே: எல்லாரும் எல்லாரோடும் இணைந்த வலை விரைவில் ஒரு நடுத்தரமான விடையில் தேங்கிவிட்டது, மெதுவாகப் பேசிய வலை பின்னால் நல்ல விடையை எட்டியது. வட்டவடையிலும் ஒரு வீடு ஸ்ட்ராபெரி வைத்துப் பார்க்கட்டும், இம்மலைப் பழங்குடியினரான முதுவரின் ஒரு குடி தன் கேழ்வரகையும் பழைய விதைகளையும் காக்கட்டும். எல்லாத் தட்டையும் ஒரே பயிருக்கு மாற்றும் ஒருங்கிணைப்பு அமைப்பாக நிற்காது. ஒரே நோயில் விழும்.

இரண்டாவது, மாதிரி உழவர் பெயரில் வேறு யாரோ தீர்மானிக்கும் கருவியாகிவிடக் கூடாது. பாலியில் விளைச்சலைக் கெடுத்ததும் உழவரைக் கேட்காமல் மேலிருந்து வந்த திட்டம்தான். இதற்கு மாற்று வழி இருக்கிறது. செனகல் ஆற்றுப் பாசனத்தில் ஒலிவியே பரெத்தோவும் அவர் சகாக்களும் தம் கணினி மாதிரியை ஓர் ஆட்டமாக மாற்றி உழவர்களிடமே கொடுத்தார்கள். உழவர்கள் ஆடினார்கள், விதிகள் தவறு என்று திருத்தினார்கள், தங்கள் கடன் வாங்கும் முறையையும் தண்ணீர் பங்கிடும் முறையையும் ஆட்டத்துக்குள் விவாதித்தார்கள். அந்த மாதிரி எதிர்காலத்தைச் சொன்னதைவிட, பேசத் தயங்கிய விஷயத்தைப் பேச ஓர் இடம் தந்ததே பெரிது.

வட்டவடைக்கும் அதுதான் வேண்டும். கோவிலூரில் ஒரு மேசையில் விதை மணிகளையும் வரைபடத்தையும் வைத்து, முன்பணம் தரும் வியாபாரியின் பங்கையும் ஒருவர் ஏற்று, மூன்று பட்டம் ஆடிப்பார்க்க முடியும். முன்பணத்தை விற்பனையிலிருந்து பிரித்துக் கூட்டுறவுக் கடனாகத் தந்தால் என்ன மாறும், பூண்டில் பத்து அயல்கூட்டம் சேர்ந்து இருப்பு வைத்தால் என்ன மாறும் என்பதைப் பணம் இழக்காமல் அங்கே கண்டுகொள்ளலாம். சைமன் முதல் லான்சிங் வரை இத்தனை ஆய்வுகள் சேர்ந்து நிறுவியது ஒன்றே: அதே மண், அதே மக்கள், அதே உழைப்பு இருந்தும், யார் யாரிடம் எப்போது பேசுகிறார்கள் என்பது மாறினால் விளைவு மாறும். மழையையும் சந்தையையும் மாற்ற வட்டவடையால் முடியாது. விதைப்புக்கு முன்னால் அடுத்த வீட்டோடு பேசும் வழக்கத்தை உருவாக்க முடியும். அதை உருவாக்கும் பொறுப்பு உழவருக்கும் ஊராட்சிக்கும் மாநில அரசுகளுக்கும் உண்டு. வரும் பூண்டு விதைப்புக்கு முன்பே தொடங்குவதற்குத் தடையாக எதுவும் இல்லை.